ஜெட் படகின் இன்டேக்: சரளை ஆற்றுக்காகச் சீரமைத்ததும் மாற்றியமைத்ததும்

நியூசிலாந்தின் தென் தீவில் கான்டர்பரி சமவெளியைக் கடந்து கடலில் சேரும் வைமாகரிரி, ரகையா போன்ற ஆறுகள் ஒரே கால்வாயாக ஓடுபவை அல்ல. மலையிலிருந்து அடித்துவரப்பட்ட சரளைக் கற்களின் மேல் அவை பல கிளைகளாகப் பிரிந்தும், சிறிது தூரத்தில் மீண்டும் சேர்ந்தும் ஓடுகின்றன. ஒரு வெள்ளம் வந்து வடிந்தால் கிளைகளின் போக்கே மாறிவிடும். முழங்கால் ஆழம்கூட இல்லாத இடங்கள் ஏராளம். அடியில் புரொப்பெல்லர் தொங்கும் படகு இத்தகைய ஆற்றில் நெடுநேரம் தாங்காது என்பதால்தான், மெக்கன்சி வட்டாரத்தில் ஐரிஷ்மேன் கிரீக் என்ற பண்ணையை நடத்திவந்த பில் ஹாமில்டன், 1950களின் முற்பகுதியில், நீரை அடியிலிருந்து உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சி ஓடும் படகை உருவாக்கும் முயற்சியில் இறங்கினார். பீய்ச்சும் நாசிலைப் படகின் அடியிலிருந்து எடுத்து, நீர்மட்டத்துக்கு மேலே பின்சுவரில் வைத்த பிறகுதான் அவருடைய படகு வேகம் பிடித்தது.

ஜெட் படகு என்றாலே பின்னால் பீறிடும் நீரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். எஞ்சினின் குதிரைத்திறன், நீரை இழுத்துப் பின்னால் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் இலைச் சாய்வு, நாசிலின் விட்டம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஆட்கள் நிறைய உண்டு. அந்த நீர் உள்ளே வரும் வழியான இன்டேக்கைப் பற்றிப் பேசுபவர்கள் மிகவும் குறைவு. என் படகில் இன்டேக்கை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, எஞ்சினையும் இம்பெல்லரையும் மாற்றாமல் செய்த வேலையை இங்கே விவரமாக எழுதுகிறேன். கையில் இருக்கும் பணத்தை ஒரே இடத்தில்தான் செலவழிக்க முடியும் என்றால், அதை முதலில் இன்டேக்கில் செலவழிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

படகு ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ளது. 5083 வகை அலுமினியத்தால் ஆனது. அடித்தகட்டின் கனம் 5 மி.மீ. நடுவில் 4 லிட்டர் லெக்ஸஸ் வி8 எஞ்சினும், பின்னால் ஒற்றை இம்பெல்லர் கொண்ட ஜெட் யூனிட்டும் இருக்கின்றன. பல பருவங்கள் சரளை ஆற்றில் ஓடிய பழைய படகு அது. இரண்டு பேர் ஏறினால் நன்றாகவே ஓடியது. நான்கு பேர் ஏறி, டாங்கும் நிறைந்திருந்தால், நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் சுற்று கிடுகிடுவென ஏறும், ஆனால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு அங்கேயே உழலும். அந்த நேரத்தில் பின்புறத்திலிருந்து கூழாங்கற்களை டப்பாவில் போட்டுக் குலுக்குவதைப் போன்ற சத்தம் கேட்கும். பார்த்தவர்களில் பலரும் இம்பெல்லரை மாற்றச் சொன்னார்கள். சிலர் எஞ்சினையே பெரிதாக்கச் சொன்னார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாசிலின் விட்டம் சுமார் 120 மி.மீ. முழு விசையில் ஜெட் நீர் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 280 லிட்டர் நீர் வெளியே போகிறது. போகும் நீர் அத்தனையும் படகின் அடியில் உள்ள அந்த ஒரே திறப்பின் வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும். இம்பெல்லரின் முகப்பில், நடுக்குமிழ் போக மீதமிருக்கும் பரப்பில் அந்த நீரின் வேகம் வினாடிக்கு 10 மீட்டரை எட்டுகிறது.

படகு நிற்கும்போது அந்த நீரை உள்ளே தள்ளுவதற்கு வளிமண்டல அழுத்தத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அது ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். நின்றிருக்கும் நீரை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவருவதற்கே அதில் 50 கிலோபாஸ்கல் செலவாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் பாதியைக் கொண்டுதான், கற்களைத் தடுக்கத் திறப்பில் பொருத்திய கம்பிச்சட்டத்தின் தடை, சுவர்களின் உராய்வு, வளைவில் உண்டாகும் சுழல், இலைகளின் பின்முதுகில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி ஆகிய அனைத்தையும் சமாளித்தாக வேண்டும். 10 டிகிரி குளிரில் ஓடும் இந்த ஆற்றுநீரின் அழுத்தம் ஏதாவது ஓரிடத்தில் சுமார் 1.2 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிட்டால், நீர் அங்கேயே கொதித்து ஆவிக்குமிழிகளாகிவிடும். கேவிட்டேஷன் என்பது இதுதான். அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடும் இடத்துக்குப் போய் உடையும்போது எழும் சத்தத்தைத்தான் கற்களின் சத்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

படகு எழுந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நீர்மேல் ஓடத் தொடங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. எதிரே வரும் நீரின் வேகமே சுமார் 139 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்குச் சமம். அதில் ஒரு பகுதி வழியில் வீணானாலும், நீர் தானாகவே உள்ளே திணிக்கப்படுகிறது. ஆகையால் இன்டேக்கில் உள்ள குறை ஓட்டத்தில் மறைந்துகொள்ளும். கிளம்பும்போது மட்டும் தலைகாட்டும். என் படகு காட்டிய அறிகுறி அச்சு அசலாக இதுதான். இம்பெல்லர் மட்டும் தேய்ந்திருந்தால் முழு வேகத்திலும் அதற்கு ஏற்பக் குறை தெரிந்திருக்க வேண்டும்.

அடியில் படுத்துப் பார்த்தபோது

டிரெய்லரை உயர்த்தி முட்டுக்கொடுத்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அடியில் படுத்தேன். கரையில் வேலை செய்தாலும் ஆற்றில் வேலை செய்தாலும், இன்டேக்கினுள் கைவிடுவதற்கு முன் எஞ்சினை எவராலும் கிளப்ப முடியாது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இம்பெல்லர் இலையின் முன்விளிம்புக்கு விரலும் குச்சியும் ஒன்றுதான்.

நீண்ட எஃகு மட்டக்கோலைப் படகின் அடித்தகட்டோடு சேர்த்து, இன்டேக்கின் முன்விளிம்பைத் தாண்டிப் பின்னோக்கி வைத்தேன். மறுபக்கத்தில் ஒரு கைவிளக்கை வைத்தேன். அடித்தகடும் வார்ப்பு இன்டேக்கும் சந்திக்கும் இடத்தில் கோலுக்குக் கீழே வெளிச்சம் ஒரு பட்டையாகத் தெரிந்தது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தால் நடுவில் 2 மி.மீ. பள்ளம். அந்த இணைப்பில் முன்பு பூசப்பட்டிருந்த பூச்சைக் கற்கள் அரித்துத் தின்றிருந்தன. பார்வைக்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் தகட்டை ஒட்டி வழுக்கி வரும் நீர், அந்தப் படியில் தகட்டை விட்டுப் பிரிந்து சுழலாக மாறுகிறது. இன்டேக்கின் கூரையை ஒட்டி ஏற வேண்டிய நீர் ஒழுங்கில்லாமல் இம்பெல்லரின் மேல்பாதியை அடைகிறது. சுற்றும் ஒவ்வோர் இலையும் ஒரு சுற்றில் ஒருமுறை நல்ல நீரிலும் ஒருமுறை கலங்கிய நீரிலும் மாறி மாறிப் புக வேண்டியிருக்கிறது.

பின்விளிம்பின் நிலை இன்னும் மோசம். இன்டேக்கின் பின்புற உதடு, உள்ளே போகும் நீரையும் படகின் அடியிலேயே கடந்துபோகும் நீரையும் பிரிக்கும் இடம். அது சீராக உருண்டிருந்தால்தான், எந்த வேகத்திலும் நீர் அதன் இருபுறமும் ஒட்டிக்கொண்டு போகும். என் படகில் அந்த உதடு கற்களால் கொத்தப்பட்டு, ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் பிசிறாகவும் இருந்தது. விரலால் தடவியபோது, சில இடங்களில் நகம் மாட்டும் அளவுக்குக் குழிகள் இருந்தன. அவற்றுள் சில கல் அடித்தவை. உதட்டின் உட்புறத்தில் கொத்தாக இருந்த நுண்குழிகள், குமிழிகள் உடைந்து உண்டானவை.

கம்பிச்சட்டத்தில் 9 கம்பிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 10 மி.மீ. அகலமுள்ள உருட்டுக் கம்பி. வளைந்து நெளிந்து, இரண்டு கம்பிகளுக்கு நடுவே கல் ஒன்று இறுகச் சிக்கியிருந்தது. கான்டர்பரி ஆறுகளின் கற்கள் பெரும்பாலும் கிரேவாக்கி என்ற கடினமான சாம்பல்நிறப் பாறையிலிருந்து வந்தவை. கம்பிகளுக்கு நடுவே புகுந்துவிட்டால் ஆப்பு வைத்ததைப் போல உட்கார்ந்துகொள்ளும். சட்டத்தைப் பிடித்திருந்த போல்ட்டுகளைச் சுற்றி வெண்மையான மாவு படிந்திருந்தது. துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் நீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்ததால் அலுமினியம் அரிக்கப்பட்டதன் அடையாளம் அது.

படகின் அடியில் நீளவாக்கில் ஓடி, ஓட்டத்தில் அதைத் தூக்கிக்கொடுக்கும் புடைப்புகளான தூக்குவரிகளில் ஒன்று, இன்டேக்கின் அகலத்துக்குள்ளேயே வந்து முடிந்தது. அந்த வரியின் ஓரமாக இழுத்துவரப்படும் காற்றுக்குமிழிகள் நேராக இன்டேக்குக்குள் போவதற்கு அது வழி போட்டுக்கொடுத்தது. காற்று கலந்த நீரில் இம்பெல்லருக்குப் பிடிமானம் இருக்காது. படகைக் கட்டியவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காற்று வேறு எந்த வழியில் வருகிறது என்று பார்ப்பதற்கு எளிய சோதனை ஒன்றைச் செய்தேன். இன்டேக் திறப்பைத் தடித்த ரப்பர் தகட்டால் மூடி, நாசிலில் வாக்யூம் கிளீனரின் காற்று வெளிவரும் குழாயைத் துணி சுற்றிச் செருகினேன். மெல்லிய அழுத்தம் உள்ளே நிற்கும்போது, எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீரைத் தூரிகையால் தடவினேன். இம்பெல்லரைச் சுற்றும் தண்டின் கசிவுத்தடுப்பான ஷாஃப்ட் சீலில் ஒன்றும் இல்லை. மேலே உள்ள ஆய்வு மூடியின் ஓரத்தில் மட்டும் நுரை கொப்பளித்தது. மூடியைத் திறந்து பார்த்தால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் நசுங்கிப் பட்டையாகிவிட்டிருந்தது. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் ஊசித்துளை இருந்தாலே பம்பு காற்று வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்க மறுப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். இங்கேயும் அதே கதைதான். கிளம்பும்போது உள்ளே இருப்பது உறிஞ்சல் என்பதால் மூடியின் வழியாகக் காற்று உள்ளே போகும். வேகமாக ஓடும்போது உள்ளே அழுத்தம் என்பதால் அதே இடுக்கின் வழியாக நீர் வெளியே கசியும். படகின் உள்ளடிப் பகுதியான பில்ஜில் காரணம் தெரியாமல் நீர் சேர்ந்துகொண்டிருந்தால், இந்த மூடியின் மேல் முதல் சந்தேகத்தை வைக்கலாம்.

இம்பெல்லருக்கும் அதைச் சூழ்ந்திருக்கும் தேய்வு வளையமான வேர் ரிங்குக்கும் இடையிலுள்ள இடைவெளியையும், ஆய்வுத் துளையின் வழியாக ஃபீலர் கேஜைவிட்டு ஒவ்வோர் இலையின் நுனியிலும் அளந்தேன். ஒரு பக்கத்துக்கு 0.8 மி.மீ. அளவிலேயே இருந்தது, மாற்ற வேண்டிய நிலை இல்லை. இலைகளின் முன்விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தது.

வார்ப்பைச் சரிசெய்தல்

பற்றவைப்பதற்கு முன் ஷாஃப்டையும் இம்பெல்லரையும் ரப்பர் பேரிங்கையும் சீலையும் கழற்றி வெளியே எடுத்துவிட்டேன். சூடு பட்டால் ரப்பர் போய்விடும். வெல்டிங் மின்னோட்டம் திரும்பிப்போகும் கிளாம்ப்பை வார்ப்பின் மேலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். எங்கோ எஞ்சின் தாங்கியில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங்குகளின் வழியாக ஓடி அவற்றைக் கெடுத்துவிடலாம். எஞ்சின் கணினியின் இணைப்பையும் கழற்றிவிட்டேன்.

பல வருடங்கள் ஆற்றில் கிடந்த அலுமினிய வார்ப்பைப் பற்றவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதன் நுண்துளைகளில் கிரீஸும் ஈரமும் மாவு போன்ற வண்டலும் ஊறிப்போயிருக்கும். முதலில் கார நீரால் கழுவி, நன்றாக அலசி, உலர்த்தி, குழிகளைக் கார்பைடு பர் கொண்டு பளபளப்பான உலோகம் தெரியும்வரை குடைந்தேன். அலுமினியத்துக்கு மட்டுமே என்று ஒதுக்கிவைத்த எஃகுத் தூரிகையால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்தேன். கேஸ் டார்ச்சால் மிதமாகச் சூடேற்றி ஈரத்தைப் போக்கிய பின், ஏசி டிக் வெல்டிங்கில், சிலிக்கான் கலந்த வார்ப்புக்கு ஏற்ற 4043 ஃபில்லர் கம்பியைப் பயன்படுத்தினேன். தகட்டோடு தகட்டைச் சேர்க்கும் இடமாக இருந்தால் 5356 கம்பியை எடுத்திருப்பேன். முதல் வரியில் கறுப்பாக அழுக்குப் பொங்கி வந்தது. அதை அரைத்து எடுத்துவிட்டு மீண்டும் ஒரு வரி போட்டபோது உலோகம் சுத்தமாகப் படிந்தது. அவசரப்பட்டு அழுக்கின் மேலேயே அடுத்த வரியைப் போட்டிருந்தால், அது அடுத்த கல்லடியில் பெயர்ந்து வந்திருக்கும்.

உதட்டை நிரப்பிய பிறகு அரத்தால் வடிவம் கொடுத்தேன். கத்தி முனையைப் போலக் கூராக்கினால் நீர் நன்றாக வெட்டுப்படும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. கூரான உதடு ஒரே ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். வேகம் மாறினால் நீர் உதட்டைச் சந்திக்கும் கோணமும் மாறுவதால், கூர்முனையின் ஏதோ ஒரு பக்கத்தில் நீர் பிரிந்து சுழல் உண்டாகும். சுமார் 7 மி.மீ. ஆரமுள்ள உருண்டையான மூக்காக அதை வடித்து, உட்புறம் சீராக ஏறும்படி குழைத்துவிட்டேன். உதட்டை அடித்தகட்டின் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் அது கூடுதலாக நீரை அள்ளும் என்பது உண்மைதான். ஆனால் சரளைத் திட்டின் மேல் வழுக்கிப் போக நேரும்போது முதல் அடி அதற்குத்தான் விழும். ஆகையால் அடித்தகட்டின் மட்டத்திலேயே நிறுத்திவிட்டேன்.

முன்விளிம்பின் பள்ளத்தையும் பற்றவைத்தே நிரப்பினேன். பூச்சு மறுபடியும் கற்களுக்கு இரையாகும். நிரப்பியதை அரைத்து, மட்டக்கோலின் அடியில் வெளிச்சம் தெரியாத அளவுக்குக் கொண்டுவந்தேன். கரடான அரைப்புத் தடங்கள் நீரோட்டத்துக்குக் குறுக்கே இருக்கக் கூடாது என்பதால், கடைசித் தேய்ப்பு முழுவதையும் முன்னும் பின்னுமாகவே செய்தேன். குற்றவாளியான தூக்குவரியை இன்டேக்குக்கு 600 மி.மீ. முன்னாலேயே வெட்டி, முனையைச் சரிவாக்கி, அடித்தகட்டோடு கலந்துபோகும்படி முடித்தேன்.

கம்பிச்சட்டத்தை மாற்றியமைத்தல்

இந்த வேலையில் அதிகம் யோசித்தது கம்பிச்சட்டத்தைப் பற்றித்தான். கம்பிகள் நெருக்கமாக இருந்தால் இம்பெல்லர் பிழைக்கும், ஆனால் நீர் மூச்சுத் திணறும். அகலமாக இருந்தால் நீர் தாராளமாக வரும்; கற்களும் தாராளமாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது, ஓடப்போகும் ஆற்றைப் பொறுத்தது. ஏரியில் ஓடும் படகுக்குப் பொருந்துவது வைமாகரிரிக்குப் பொருந்தாது.

என் திறப்பின் அகலம் 226 மி.மீ. பழைய சட்டத்தில் 9 கம்பிகள் 90 மி.மீ. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, அதாவது திறப்பில் 40 விழுக்காடு கம்பிதான். புதிய சட்டத்தில் 8 மி.மீ. அகலமுள்ள 8 கம்பிகளும், ஒவ்வொன்றும் 18 மி.மீ. கொண்ட 9 இடைவெளிகளும் வைத்தேன். அடைபடுவது 28 விழுக்காடாகக் குறைந்தது. நீர் புகும் அகலம் 136 மி.மீ. என்ற அளவிலிருந்து 162 மி.மீ. ஆனது. 18 மி.மீ. என்பதை முடிவுசெய்தது இம்பெல்லரும், அதற்குப் பின்னால் நீரின் சுழற்சியை நேராக்கும் அசையாத இலைகளான ஸ்டேட்டரும்தான். ஸ்டேட்டர் இலைகளுக்கு நடுவே மிகக் குறுகலான இடம் எது என்று அளந்து, அதைவிடச் சிறிய கல்தான் சட்டத்தைத் தாண்ட முடியும்படி அமைத்தேன். உள்ளே வந்த கல் வெளியே போய்விட்டால் இலைக்கு ஒரு கீறலோடு முடிந்துவிடும்; ஸ்டேட்டரில் சிக்கிக்கொண்டால் ஆற்றின் நடுவே யூனிட்டைப் பிரிக்க வேண்டியதுதான்.

எண்ணிக்கையைவிடக் கம்பியின் வடிவம் முக்கியம். உருட்டுக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி மையத்தில் குறுகியும் இருபுறமும் விரிந்தும் இருக்கும். வெளியிலிருந்து பாதி நுழைந்த கல் அந்தக் குறுகலில் போய் இறுகும். புதிய கம்பிகளின் குறுக்குவெட்டை ஆப்பு வடிவில் அமைத்தேன்: ஆற்றைப் பார்க்கும் கீழ்முகம் 8 மி.மீ. அகலம், உள்ளே போகப் போக ஒடுங்கி மேல்முனையில் 4 மி.மீ. இதனால் இடைவெளி வெளியில்தான் மிகக் குறுகல். கீழ்முகத்தைத் தாண்டிய எதுவும் உள்ளே சிக்குவதற்கு இடமில்லை. ஆழ்துளைக் கிணறுகளில் இறக்கும் ஆப்புக்கம்பி வடிகட்டிகளும் இதே கொள்கையில்தான் வேலை செய்கின்றன. நீரை எதிர்கொள்ளும் முன்னோரங்களை உருட்டி, மேல்முனையைச் சீராக ஒடுக்கியதால், கம்பிக்குப் பின்னால் உண்டாகும் சுழலும் குறைந்தது. கம்பிகளின் பின்முனைகளைக் குறுக்குச் சட்டத்தில் இணைக்காமல் விட்டுவிட்டேன். வில்லோ மரக் குச்சிகளும் நூல் நூலாக வரும் பாசியும் கம்பியில் மாட்டினால், பின்னோக்கி வழுக்கி நழுவுவதற்கு வழி இருக்க வேண்டும்.

மிதித்தால் கீழே இறங்கிக் குப்பையை உதறும் கீல் வைத்த சட்டங்களும், கம்பிகளுக்கு நடுவே சீப்பைப் போல ஓடித் துடைக்கும் நெம்புகோல் அமைப்புகளும் உண்டு. இலைதழை மிகுந்த ஆறுகளில் அவை பெரும் உதவி. நான் அவற்றைத் தவிர்த்ததற்குக் காரணம், இரண்டுக்குமே இன்டேக்கின் சுவரில் ஒரு துளையும், அதில் அசையும் ஒரு தண்டும், அதற்கு ஒரு சீலும் தேவை. காற்று புகும் இடங்களை அடைப்பதற்காகவே தொடங்கிய வேலையில், பனியாற்று வண்டல் அரிக்கக்கூடிய புதிய சீல் ஒன்றைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பதிலாக ஆய்வு மூடியை மேம்படுத்தினேன்: புதிய ஓ-ரிங், அது உட்காரும் பள்ளத்தைச் சமப்படுத்தல், சாவி இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய பிடிகள். நான்கு பேர் ஏறிப் படகு நிற்கும்போது நீர்மட்டம் மூடிக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தால்தான் நீரில் மிதந்தபடியே திறந்து, கையைவிட்டுக் குப்பையை எடுக்க முடியும்.

உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதில் 2205 டூப்ளெக்ஸ் எஃகா, 316 எஃகா என்ற கேள்வி எழுந்தது. வளையத் தொடங்கும் வலிமையில் 2205 இரண்டு மடங்குக்கும் மேல்: 316க்குச் சுமார் 205 மெகாபாஸ்கல் என்றால் அதற்கு 450. இருந்தும் 316ஐயே எடுத்தேன். பெரிய கல் ஒன்று மோதும்போது ஏதாவது ஒன்று வளைந்தே ஆக வேண்டும். வளையாத கம்பி அந்த அடியை அப்படியே வார்ப்புக்குக் கடத்தி அதைப் பிளந்துவிடும். கம்பியை மாற்றுவது ஒரு மாலை நேர வேலை. வார்ப்பை மாற்றுவது படகையே பிரிக்கும் வேலை. வலிமைக் குறைவை ஈடுகட்டக் கம்பிகளின் ஆழத்தை 20 மி.மீ. ஆக்கினேன்.

சட்டத்துக்கும் வார்ப்புக்கும் இடையே நைலான் தகடும், போல்ட்டுகளுக்கு நைலான் புஷ்ஷும் வைத்து, மரைகளில் அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவினேன். மல்டிமீட்டரில் சட்டத்துக்கும் வார்ப்புக்கும் இடையே தொடர்பு இல்லை என்று பார்த்த பிறகே இறுக்கி முடித்தேன். நன்னீரில் ஓடும் படகு என்பதால், வார்ப்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுப் பலியாகும் தகடாக மெக்னீசியத்தைப் பொருத்தினேன். துத்தநாகம் கடல்நீருக்கு உரியது, நன்னீரில் மேலே படலம் படிந்து செயலற்றுப்போகும். அந்தத் தகட்டுக்கு வண்ணம் பூசக் கூடாது, அது வார்ப்போடு சுத்தமான உலோகத் தொடர்பில் இருக்க வேண்டும்.

இம்பெல்லர் இலைகளின் முன்விளிம்பைக் கையரத்தால் மட்டுமே சீர்செய்தேன். கிரைண்டர் வைத்தால் நொடியில் அளவு தவறும்.

ஆற்றில் பார்த்தது

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வேலை தொடங்கும் முன்பே கயபோய் அருகில் வைமாகரிரியின் ஆழமான, நிதானமாக ஓடும் பகுதியில் நான்கு பேரோடும் பாதி டாங்கோடும் ஓட்டிக் குறித்துவைத்திருந்தேன். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே எடையில், ஆற்றின் ஓட்டத்தோடும் எதிராகவும் ஓட்டிச் சராசரி எடுத்தேன். முன்பு, நின்ற நிலையிலிருந்து படகு எழுந்து ஓட 11 வினாடி பிடித்தது. இப்போது 6 வினாடி. ஜிபிஎஸ் காட்டிய உச்ச வேகம் மணிக்கு 68 கிலோமீட்டரிலிருந்து 73 ஆனது. கற்களைக் குலுக்கும் சத்தம் நின்றுவிட்டது.

எஞ்சின் சுற்றுதான் சிலரைக் குழப்பும். முழு விசையில் முன்பு நிமிடத்துக்கு 4,700 சுற்று காட்டியது, இப்போது 4,450 மட்டுமே. எஞ்சின் பலவீனமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முன்பு இம்பெல்லர் குமிழிகளைக் கடைந்துகொண்டிருந்ததால் எஞ்சினுக்குச் சுமை குறைவாக இருந்தது. இப்போது கெட்டியான நீர் நிறைவாக வருவதால் எஞ்சின் உண்மையான சுமையை இழுக்கிறது. சுற்று குறைந்து வேகம் கூடினால் இன்டேக் திருந்திவிட்டது என்றே கொள்ளலாம். சுற்று குறைந்து வேகமும் குறைந்தால்தான் எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

அதன்பின் ரகையாவின் சரளைப் பகுதிகளிலும் ஓட்டியாகிவிட்டது. எழுந்து ஓடும் படகு உள்ளங்கை அகல ஆழத்திலும் கற்களை எடுக்காமல் தாண்டிவிடும். நின்றுகொண்டே விசை கொடுத்தால் அதே படகு படுகையையே உறிஞ்சும். ஆகவே ஆழமில்லாத இடத்தில் நிறுத்தினால், இறங்கித் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோன பிறகே எஞ்சினைக் கிளப்புகிறேன். எப்படிப்பட்ட சட்டமும் இந்தப் பழக்கத்துக்கு மாற்றாகாது. மேற்கே மலைகளில் மழை கொட்டி, சமவெளியில் வடமேற்குக் காற்று சூடாக வீசும் நாள்களில் ஆறு சாம்பல்நிறமாகக் கலங்கி ஏறும். அந்த நீரில் ஓடினால் வேர் ரிங்கும் ஷாஃப்ட் பேரிங்கும் பல நாள் தேய்வை ஒரே நாளில் பெறுகின்றன. அந்த நாள்களில் நான் படகை இறக்குவதில்லை.

2004இல் தென் தீவின் தெற்குப் பகுதியில் கண்டறியப்பட்டு, பின்னர் பல ஆறுகளுக்குப் பரவிய டிடிமோ என்ற பாசி, இன்டேக்குக்கும் நேரடித் தொல்லை. ஈரக் கம்பளியைப் போலக் கம்பிகளில் படர்ந்துகொண்டு நீரை அடைக்கும். பின்முனை திறந்த கம்பிகளில் அது பெரும்பாலும் நழுவிப் போய்விடுகிறது. உள்ளே போனதில் கொஞ்சம் ஷாஃப்டைச் சுற்றிக்கொள்கிறது. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகுமுன் படகைப் பார்த்து, கழுவி, உலர்த்த வேண்டும் என்பது இங்குள்ள விதி. படகின் வெளிப்புறத்தைக் கழுவுவது எளிது. ஜெட் யூனிட்டின் உள்ளே தேங்கும் நீர்தான் எளிதில் மறந்துபோவது. கரையேறியதும் ஆய்வு மூடியைத் திறந்து, ஷாஃப்டில் சுற்றியதைப் பிரித்தெடுத்து, சோப்புக் கரைசலை ஊற்றி ஊறவைத்து அலசி, மூடியைத் திறந்தபடியே விட்டுவிடுகிறேன். தொட்டால் உலர்ந்திருக்கும் நிலை வந்த பிறகும் 48 மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். மூடியைக் கையால் கழற்றும்படி மாற்றியது இந்த வேலையை வெகுவாக எளிதாக்கியிருக்கிறது.

பருவம் முடிந்து மறுபடியும் அடியில் படுத்துப் பார்த்தபோது, பற்றவைத்த உதடு உருண்டையாகவே இருந்தது. மேற்பரப்பில் சிறு கொத்தல்கள் மட்டும் தெரிந்தன, புதிய நுண்குழிகள் இல்லை. முன்விளிம்பில் மட்டக்கோல் இன்னும் வெளிச்சத்தை விடவில்லை. இடது ஓரத்திலிருந்து மூன்றாவது கம்பி நடுவில் 3 மி.மீ. மேல்நோக்கி வளைந்திருந்தது, வார்ப்பில் அதைத் தாங்கும் இடத்தில் விரிசல் ஏதும் இல்லை. சட்டத்தை வெட்டும்போதே கூடுதலாக வெட்டிவைத்திருந்த இரண்டு கம்பிகளில் ஒன்றை அங்கே போட்டேன். மெக்னீசியத் தகடு பாதிக்கு மேல் கரைந்திருந்ததால் அதையும் மாற்றி, போல்ட்டுகளுக்குப் பசையைப் புதிதாகத் தடவி மூடினேன்.